வாலிபர்களின் பாட்டுப் பித்து

பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து விவசாயி ஒருவர் நிலத் தகராறு விஷயமாகச் சமீபத்தில் நம்மிடம் வந்திருந்தார். வந்த காரியம் முடிந்த பின்னும் அவர் எழுந்திருக்கவில்லை. இன்னொரு வழக்கும் உண்டு என்றார். எதிரி யார் என்று கேட்டோம். "என் மகன்தான், ஐயா" என்றார்.

மகனுக்கு வயது பதினைந்து. பத்தாம் வகுப்பில் படிக்கிறான். குடி, சூது ஒன்றும் கிடையாது. "பாட்டுக் கேட்கிறான், ஐயா. கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். கேட்டதை ஊர்ப் பையன்களுக்கெல்லாம் அனுப்பிக் கேட்கச் சொல்லுகிறான். மாடு கறக்கும்போது என் காதிலும் கொண்டுவந்து வைக்கிறான். பாஷையும் விளங்கவில்லை, தாளமும் விளங்கவில்லை. இதைத் தடுக்கச் சட்டம் ஏதாவது உண்டா?" என்று அவர் கேட்டார்.

நமக்குச் சிரிப்பு வந்தது. ஆயினும் அது சிரித்துத் தள்ளக்கூடிய கேள்வியன்று. தர்மபுரி ஜில்லாவில் மட்டுமல்ல, தமிழ்நாடெங்கும் கைபேசி புகுந்த வீடுகளில் எல்லாம் தகப்பன்மார் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆகையால் அந்தக் கட்சிக்காரருக்குச் சொன்ன பதிலைப் பொதுஜனங்களுக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

சட்டத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். பாட்டைச் சட்டத்தால் தடுக்க முயன்ற சரித்திரம் நம் தேசத்தில் நீண்டது. 1928-ம் வருஷத்தில் சென்னை சர்க்கார் பாரதியார் பாடல்களைப் பறிமுதல் செய்தது. சட்டசபையில் ஸ்ரீ சத்தியமூர்த்தி அதை எதிர்த்து வாதாடினார். புத்தகங்களைப் பிடுங்கிய போலீசாருக்கு ஜனங்களின் நாவிலிருந்த பாட்டைப் பிடுங்கும் வழி தெரியவில்லை. நாடக நடிகர் விசுவநாததாஸ் முருகன் வேஷத்தில் நின்றபடியே தேசியப் பாட்டுக்களைப் பாடினார்; அதற்காகப் பல முறை சிறை சென்றார்; 1940-ம் வருஷக் கடைசி நாளன்று மேடையிலேயே உயிர் நீத்தார். மேடையில் அவர் பாடியதைத் தெருத் தெருவாகக் கொண்டு சென்றவர்கள் வித்துவான்கள் அல்லர். கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சாதாரண ஜனங்களும் அவர்களுடைய பிள்ளைகளுமே.

அன்னியன் செய்ததைச் சொன்னோம். நம்மவர்கள் செய்ததையும் சொல்லுவதே நியாயம். சுதந்திரம் வந்த பிறகு, 1952-ம் வருஷத்தில் மத்திய மந்திரி டாக்டர் கேஸ்கர் சினிமாப் பாட்டு ஜனங்களின் ருசியைக் கெடுக்கிறது என்று கருதி அகில இந்திய வானொலியில் அதை ஒடுக்கினார். பலன் என்ன? வாலிபர்கள் வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கை நிலையத்தின் பக்கம் திருப்பிவிட்டார்கள். ஐந்து வருஷங்களில் சர்க்கார் தோல்வியை ஒப்புக்கொண்டு, 1957-ம் வருஷம் அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கியது. அதே வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்துக்கும் விலக்கு விதித்திருந்தது. அந்த முப்பது வருஷமும் நம் தெருக்கூத்து மேடைகளில் ஆர்மோனியம் விடிய விடிய ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. காதுக்குத் தாழ்ப்பாள் போட எந்தச் சர்க்காராலும் முடிந்ததில்லை. தகப்பனாரால் மட்டும் முடியுமா?

சட்டம் கிடக்கட்டும். இந்தப் பித்தின் இயல்பை ஆராய்வோம். இதில் இரண்டு பகுதிகள் உள்ளன. ஒன்று, புதியதைத் தேடிக் காண்பது. மற்றொன்று, கண்டதைத் தனக்கென்று வைத்துக்கொள்ள மாட்டாமல் பிறருக்குக் கொடுப்பது. முதலாவது அறிவின் லட்சணம். இரண்டாவது என்ன என்பதைத் தகடூர் மண்ணில் பிறந்தவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அருமையாகக் கிடைத்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஒளவைக்குக் கொடுத்த அதியமானுடைய ஊர் இந்தத் தர்மபுரிதான். கனியைக் கொடுத்தவனை ஈராயிரம் வருஷமாகப் போற்றுகிறோம். நல்ல பாட்டு ஒன்றைக் கண்டு நடுநிசியில் நண்பனுக்கு அனுப்பும் பையனை மட்டும் உருப்படாதவன் என்கிறோம். இது என்ன நியாயம்?

பொது வாழ்வில் இறங்கியுள்ள நம் நேயர்கள் தங்கள் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும். நீங்கள் முதன்முதலில் ஊருக்கு உழைக்கத் தொடங்கியது எப்படி? ஏதோ ஒரு புத்தகத்தைப் படித்தீர்கள். ஏதோ ஒரு பிரசங்கத்தைக் கேட்டீர்கள். வீட்டில் இருப்புக் கொள்ளாமல் நண்பன் வீட்டுக் கதவைத் தட்டினீர்கள். அந்தத் தவிப்பே பொதுத் தொண்டின் வித்து. இதே ஜில்லாவில் பாப்பாரப்பட்டியில் 1925-ம் வருஷம் ஜூலை 23-ந் தேதி மறைந்த ஸ்ரீ சுப்பிரமணிய சிவத்திடம் சொத்தா இருந்தது, பதவியா இருந்தது? சிறையில் வாங்கிய குஷ்டரோகம் இருந்தது. ரயிலேறக் கூடாதென்ற தடை இருந்தது. ஆயினும் தாம் கண்ட உண்மையைப் பிறருக்குச் சொல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை. பாட்டுக் கேட்கும் பையனைச் சிவத்தோடு ஒப்பிடுவதாக யாரும் நினைக்க வேண்டாம். பகிர்ந்துகொள்ளத் துடிக்கும் நெஞ்சு ஒரே வகையைச் சேர்ந்தது. அதில் எதை நிரப்புகிறோம் என்பதே கேள்வி என்கிறோம்.

"பாட்டுச் சோறு போடுமா?" என்றும் அந்த விவசாயி கேட்டார். பண்ணைப்புரத்துச் சிறுவன் ஒருவன் பதினான்காம் வயதில் தன் தமையன் பாவலர் வரதராஜனுடைய கோஷ்டியோடு ஊர் ஊராகச் சென்று பாடிக்கொண்டிருந்தபோதும் இதே கேள்வியைக் கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். 1976-ம் வருஷத்தில் "அன்னக்கிளி" வெளிவந்ததும் இளையராஜா என்ற பெயரில் தமிழ்நாடே அந்தச் சிறுவனைத் தெரிந்துகொண்டது. எல்லாப் பையன்களும் இளையராஜா ஆகிவிட மாட்டார்கள் என்பது மெய். ஆனால் கேட்பவர்கள் ஆயிரம் பேர் இல்லாத ஊரில் பாடுபவன் ஒருவன் பிழைக்க முடியாது. நல்ல ரசிகனும் கலைக்கு ஒரு தூண்.

இவ்வளவும் சொன்னதால் பையன் பக்கத்தில் குற்றமே இல்லை என்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. அவனுக்கும் சில வார்த்தைகள் உண்டு.

முதலாவது, நீ தேடுகிறாயா, அல்லது உனக்கு ஊட்டப்படுகிறதா என்று கவனி. ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டைக் கம்பெனிக்காரனுடைய கணக்கு யந்திரமே எடுத்து வைக்கிறது. நேற்றுக் கேட்டதைப் போன்றதையே இன்றும் கொடுப்பது அதன் வியாபாரம். முன்பெல்லாம் வாலிபர்கள் காகிதத்தில் ஜாபிதா எழுதிக்கொண்டு ஒலிப்பதிவுக் கடைக்குச் சென்று, வெற்று நாடாவில் பாட்டுக்களைப் பதிந்து வாங்கி, நண்பர்களிடம் கைமாற்றினார்கள். அதில் சிரமம் இருந்தது. அந்தச் சிரமத்தால் தேர்வும் இருந்தது. நண்பன் சொல்லிக் கேட்ட பாட்டுக்கும் யந்திரம் தள்ளிய பாட்டுக்கும் வித்தியாசம் உண்டு.

இரண்டாவது, பாட்டை அனுப்பும்போது அதை எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர் ஆகியோர் பெயரையும் சேர்த்து அனுப்பு. களவாடிய பிரதியை அனுப்பாதே. முறையாகக் கிடைக்கும் இடத்தைச் சுட்டிக் காட்டு. பாரதியார் பாடல்களைக்கூட ஒரு காலத்தில் அனுமதியின்றி இசைத்தட்டில் பதிய முடியாமல் இருந்தது. 1949-ம் வருஷத்தில் சென்னை சர்க்கார் அந்த உரிமைகளைத் தன் வசமாக்கிக்கொண்டது. பின்னர் அவற்றை ஜனங்களுக்கே பொதுவாக்கியது. எல்லாக் கவிஞனுக்கும் அந்தப் பாக்கியம் வாய்ப்பதில்லை. பாட்டெழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உரிய பங்கு மறுக்கப்படக் கூடாது என்று 2012-ம் வருஷத்தில் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. கலைஞன் வயிற்றில் அடித்து ரசிப்பது ரசனையாகாது.

மூன்றாவது, இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. 2012-ம் வருஷம் நவம்பர் 7-ந் தேதி இந்த ஜில்லாவில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய இடங்களில் தலித் மக்களின் 200-க்கு மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டும் கொளுத்தப்பட்டும் நாசமாயின. சாதி விட்டுச் சாதி நடந்த ஒரு கலியாணமே அதற்குச் சாக்கு. அந்தச் சாம்பல் நம் நினைவிலிருந்து ஆறிவிடக் கூடாது. தன் சாதியைத் தூக்கிப் பிடித்துப் பிறர் சாதியை இழித்துப் பாடும் பாட்டுக்களும் இன்று கைபேசிக்குக் கைபேசி தாவுகின்றன. ஒரு பாட்டைப் பகிர்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்: உன் வகுப்பில் உன் பக்கத்தில் உட்காரும் தோழன், அவன் எந்தத் தெருவைச் சேர்ந்தவனாயினும், இதைக் கேட்டுத் தலைகுனிவானா? குனிவான் என்றால் அது பாட்டன்று, நஞ்சு.

பெரியவர்களே, நஞ்சைக் குடிக்காதே என்று சொன்னால் போதாது. நல்ல தண்ணீரைக் காட்ட வேண்டும். கொரியாவிலும் அமெரிக்காவிலும் ஒலிப்பதை நொடியில் கேட்கும் பையனுக்குத் தன் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தின் பாட்டைப் பதிவில் கேட்க வழி உண்டா? பம்பையும் பறையும் திருவிழாவுக்கு வந்து திருவிழாவோடு போய்விடுகின்றன. பறையை அடிப்பவனுக்கு இழிவைக் கூலியாகக் கொடுத்து வந்த நாடு இது. 2025-ம் வருஷத்தில் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. விருது டில்லியிலிருந்து வந்தது. மரியாதை ஊரிலிருந்து வர வேண்டும். மேலத் தெருப் பையன் ஒருவன் கீழத் தெருப் பறையின் தாளத்தில் மயங்கி, "இதைக் கேளுங்கள்" என்று நாற்பது பேருக்கு அனுப்புவானானால், நூறு மேடைப் பிரசங்கங்கள் செய்யாததை அவன் செய்தவனாவான்.

ஆகையால் ஜில்லா நூலகமும் பள்ளிக்கூடங்களும் இந்தப் பையன்களைக் கொண்டே ஊர்ப் பாட்டுக்களைப் பதிவு செய்யலாம். 2022 முதல் சர்க்கார் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. அதில் பாடுபவனுக்குப் பரிசு உண்டு. தேடிக் கேட்டுத் தொகுத்துப் பிறருக்கு எடுத்துச் சொல்லுகிறவனுக்கும் ஓர் இடம் கொடுத்தால் என்ன? வாரம் ஒரு மாலைப் பொழுதில் நூலகத்துத் தாழ்வாரத்தில் அனைவரும் கூடிக் கேட்க ஏற்பாடு செய்யச் செலவு அதிகம் ஆகாது.

அந்தத் தகப்பனாருக்கு நாம் சொன்ன யோசனை இதுதான்: "இரவு பத்து மணிக்குக் கைபேசியை வாங்கி வைத்துவிடுங்கள், தூக்கமும் படிப்பும் கெடக் கூடாது. ஆனால் மாடு கறக்கும்போது அவன் காதில் வைக்கும் பாட்டைத் தட்டிவிடாதீர்கள். கேளுங்கள். கேட்டுவிட்டு, உங்கள் தாயார் நாற்று நடும்போது பாடிய பாட்டைப் பதிலுக்கு அவனுக்குச் சொல்லுங்கள். அதையும் அவன் நாற்பது பேருக்கு அனுப்புவான்."

அவர் சற்று யோசித்தார். "அம்மா பாட்டு எனக்கு இரண்டு அடிதான் ஞாபகம் இருக்கிறது, ஐயா. அம்மாவுக்கு முழுவதும் தெரியும். எண்பது வயதாகிறது" என்றார். அப்படியானால் தாமதிக்க நேரமில்லை என்று சொல்லி அவரை அனுப்பி வைத்தோம். நம் நேயர்களுக்கும் அதையே சொல்லுகிறோம்.