தந்தையின் வண்டியும் பந்தயத் தடமும்



நாகபுரியில் வாழும் நமது சங்கத்துச் சகோதரி ஒருவர் சென்ற மாதம் நமக்கு ஒரு கடிதம் வரைந்திருந்தார். காலஞ்சென்ற கணவரின் யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியை அவருடைய மகன் போற்றிப் பாதுகாத்து வருகிறார். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் அதனை ஓட்டிப் பழக வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காகச் சேமிப்பையெல்லாம் செலவிட்டு, முன்னும் பின்னும் சஸ்பென்ஷனை மாற்ற எண்ணியிருக்கிறாராம். தடுப்பதா, விடுவதா என்பது அன்னையின் கேள்வி.

தடுக்க வேண்டாம் என்பதே நமது அபிப்பிராயம். வேகத்தில் விருப்பமுள்ள இளைஞருக்குப் பொதுச் சாலையைவிடத் தடமே தக்க இடம். அங்கே எதிரில் லாரி வராது, மாடு குறுக்கிடாது. ஆயினும், பணப்பையைத் திறக்குமுன் தம்பி அளவு நாடாவை எடுக்கட்டும்.

இதனை நாம் அடிபட்டே கற்றோம். பத்தாண்டுகளுக்கு முன், இதே வகை வண்டிக்கு, பழையவற்றைவிட நீளமும் விறைப்பும் மிகுந்த பின் ஷாக் அப்சார்பர்களைப் பூட்டினோம். பார்வைக்குக் கம்பீரமாகவே இருந்தது. ஆனால் ஒரு வளைவில், சிறு மேட்டின்மீது பின் சக்கரம் தரையை விட்டுத் துள்ளியது. முழங்கை முறிந்து, ஆறு வாரம் இடக் கையால் பேரேடு எழுதினோம். விறைப்பே உறுதி என்று எண்ணியது நமது பிழை.

பெரம்பூர்த் தொழிற்சாலையில் செய்த பழைய நீலநிற ரயில் பெட்டிகளில் நம்மவர் பலரும் ஊர் சென்று வந்தவர்களே. அவற்றின் சக்கர அச்சருகே சுருள் ஸ்பிரிங்கும், அதனுள் எண்ணெய் நிறைந்த ஒரு கலமும் இருக்கும். ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும்; எண்ணெய் துள்ளலை அடக்கும். மோட்டார் சைக்கிளிலும் தத்துவம் இதுவே. ஸ்பிரிங்கை மட்டும் விறைப்பாக்கி, எண்ணெயின் அடக்கும் வலிமையை அதற்கேற்ப உயர்த்தாவிடில், வண்டி பந்துபோல் துள்ளும்.

1985 முதல் 1996 வரை உற்பத்தியான வண்டி அது. ஆகவே முதல் வேலை மாற்றுவதன்று, தேய்ந்ததைச் சீர்செய்வது. ஹாண்டில் தலையிலுள்ள பால் பேரிங், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ், சக்கர பேரிங், டயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். முன் போர்க்கின் இரு கால்களிலும் பழைய எண்ணெயை வடித்து, சீல்களை மாற்றி, புதிய எண்ணெயைச் சம அளவில் ஊற்ற வேண்டும். இவ்வளவிலேயே வண்டியின் குணம் வெகுவாகத் திருந்தக்கூடும்.

அடுத்தது அளவு. வண்டியைத் தூக்கிப் பின் சக்கரத்தைத் தொங்கவிட்டு, அச்சிலிருந்து நேர் மேலே ஒரு குறி வரை அளந்துகொள்க. பின்னர் ஹெல்மெட், பூட்ஸ் சகிதம் ஓட்டுபவர் அமர்ந்தபின் மீண்டும் அளக்க. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், சக்கரத்தின் மொத்த அசைவில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருத்தல் நலம். கூடுதலானால் ஷாக் அப்சார்பரின் அடி வளையத்தை ஒரு படி உயர்த்தலாம். வளையத்தைத் திருகினால் வண்டியின் உயரமே மாறும். ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாது. எல்லாப் படியும் ஏறியும் அளவு சேராவிடில், அப்போதுதான் உடல் எடைக்கேற்ற வேறு ஸ்பிரிங் வேண்டும்.

முன்புறத்துக்கும் ஓர் எளிய உபாயம் உண்டு. போர்க்கின் குழாயில் மெல்லிய பிளாஸ்டிக் பட்டி ஒன்றைக் கட்டிவிட்டால், பிரேக் பிடிக்கையில் எவ்வளவு அமுங்கியது என்பதை அது காட்டும். அடிவரை சென்று இடித்தால் சற்று விறைப்பான ஸ்பிரிங்கோ, சிறிது உயர்ந்த எண்ணெய் மட்டமோ தேவை. பின்புறம் புதிதாக வாங்க நேரின், பழைய நீளமே இருக்கட்டும். ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்து, பலனை நோட்டில் குறிக்க வேண்டும்.

மிஞ்சும் பணத்தில் தரமான ஹெல்மெட்டும் தோல் அங்கியும் வாங்கலாம். பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் நேரும் சேதத்தைச் சாதாரண மோட்டார் இன்ஷூரன்ஸ் ஏற்பதில்லை என்பதையும் தம்பி அறிந்திருக்கட்டும். ரயிலில் வண்டியைப் பார்சலாக அனுப்பும்போது பெட்ரோலை முழுதும் வடித்துவிட மறக்கலாகாது.

சகோதரிக்கு ஒரு வார்த்தை. இந்த அளவெடுக்கும் வேலை ஒருவரால் ஆவதன்று. ஒருவர் வண்டியில் அமர வேண்டும். ஒருவர் அதைச் சாயாமல் பிடிக்க வேண்டும். நாடாவுக்கு மூன்றாமவர் வேண்டும். அந்த நாடாவைத் தாங்களே பிடியுங்கள். மகன் எதில் ஏறிச் செல்கிறார் என்பதைத் தம் கையால் அளந்து அறிந்த அன்னைக்கு அச்சம் பாதியாகும். மறுபாதி இருக்கட்டும், அது பிள்ளைக்குத் துணை.