தலைமைப் பண்பு சான்றிதழில் வருமா?

கல்லூரிகளில் 'தலைமைப் பண்பு', 'வேலைவாய்ப்புத் திறன்' என்னும் பெயர்களில் குறுகிய காலப் படிப்புகள் பெருகிவருகின்றன. தமிழக அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் இத்தகைய பயிற்சியை அரசுக் கல்லூரிகளுக்கும் கொண்டுசென்றது. இது வரவேற்கத்தக்கதே.

ஆனால், பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு ஓர் ஐயம் உண்டு. கல்விச் சான்று வேலை தருவோருக்கு ஒருவரின் திறனை உணர்த்தும் குறியீடு என்று 1973-இல் மைக்கேல் ஸ்பென்ஸ் விளக்கினார். எல்லோரும் எளிதில் பெறும் சான்று யாரையும் வேறுபடுத்திக் காட்டாது. அப்போது பரிந்துரைக்க ஆள் உள்ளவருக்கே வேலை கிடைக்கும். முதல் தலைமுறைப் பட்டதாரி வாசலிலேயே நிற்பார்.

தலைமை, பொறுப்பேற்றுக் கற்கவேண்டியது. உச்சநீதிமன்றம் 2006-இல் ஏற்ற லிங்டோ குழுப் பரிந்துரைகள், வேட்பாளரின் செலவுக்கு ரூ.5,000 உச்சவரம்பு விதித்து, மாணவர் தேர்தலை நெறிப்படுத்தின. இருந்தும், மோதல் வரும் என்று அஞ்சிப் பல கல்லூரிகள் தேர்தலையே தவிர்க்கின்றன. அம்மோதலைத் தடுக்கத்தானே அவ்விதிகள்?

தொழிலும் அப்படியே. தொழில் பழகுநர் சட்டத்தின் 2014-ஆம் ஆண்டுத் திருத்தம், பொறியியல் சாராத பட்டதாரிகளுக்கும் உதவித்தொகையுடன் கூடிய பயிற்சிக்கு வழிதிறந்தது. கலைக் கல்லூரிகள் அவ்வழியைப் பயன்படுத்த வேண்டும்.

தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் பேரவையும் ஊதியத்துடன் ஒரு பருவப் பணிப்பயிற்சியும் பட்டப்படிப்பின் பகுதியாகட்டும். சான்றிதழுக்கு அதன்பின்னரே மதிப்பு வரும்.