கைபேசியில் மனநல ஆலோசனை: நமக்குப் பொருந்துமா?

ஆன்லைன் என்ற சொல்லைக் கேட்டாலே நம்மில் பலருக்கு முகம் சுளிக்கிறது. காரணம் இல்லாமலும் இல்லை. 2018 செப்டம்பர் 28 அன்று வால்மார்ட் - பிளிப்கார்ட் இணைப்பை எதிர்த்து நாடு தழுவிய கடையடைப்புக்கு அறைகூவல் விடுக்கப்பட்டது வணிக அன்பர்களுக்கு நினைவிருக்கும். அப்படியிருக்க, வணிகர் இதழிலேயே ஆன்லைன் வழி மனநல ஆலோசனையைப் பற்றி எழுதுவதா என்று சிலர் கேட்கக்கூடும். சரக்கை எங்கிருந்து வாங்குவது என்பது ஒரு கேள்வி. இரவெல்லாம் தூக்கம் வராத மனிதர் யாரிடம் பேசுவது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டியதில்லை.

நாம் இதை எழுதக் காரணம் ஒரு கணக்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்ட புள்ளிவிவரப்படி 2019இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட வணிகத் தொழில் செய்வோர் 9,052 பேர். ஊரடங்கு வந்த 2020இல் அந்த எண்ணிக்கை 11,716 ஆனது. அதே ஆண்டில் விவசாயிகளும் விவசாயக் கூலிகளும் சேர்ந்து 10,677 பேர். விவசாயிகளின் துயரத்தை நாடு பேசியது, பேசத்தான் வேண்டும். நம்மவர்களைப் பற்றி நாமே பேசவில்லை. ஊரடங்கு போய்விட்டது. வராக்கடன், வாடகை உயர்வு, மாதம் தவறாத ஜிஎஸ்டி கணக்கு, எதிரிலேயே திறக்கப்படும் பெரிய அங்காடி ஆகியவை போகவில்லை.

உடம்புக்கு ஒன்று என்றால் அரை நாள் கடையை மூடிவிட்டாவது போய்விடுகிறோம். மனதுக்கு என்றால் போவதில்லை. கல்லாவை விட்டு எழுந்திருக்க ஆள் இல்லை என்பது நாம் வெளியில் சொல்லும் காரணம். சொல்லாத காரணம் நாணயம். நம் வியாபாரம் கடனில் நடக்கிறது. கடன் வாய்ச்சொல்லில் நடக்கிறது. ஒருவர் மனநல மருத்துவமனை வாசலில் நின்றதை மண்டிக்காரரின் ஆள் பார்த்துவிட்டால், அடுத்த வாரம் சரக்குக்குப் போகும்போது, “இந்தத் தடவை மட்டும் ரொக்கமா பார்த்துக்கிடுங்க அண்ணாச்சி” என்ற பேச்சு வரும் என்ற பயம் நம் எல்லோருக்கும் உண்டு. வீட்டில் கல்யாண வயதில் பெண் இருந்தால் இன்னொரு பயமும் சேர்ந்துகொள்ளும். இந்தப் பயம் வீண் பயம் என்று நாம் சொல்ல மாட்டோம். கடைவீதியின் வாய் நமக்குத் தெரியாததல்ல. ஆகவேதான், யார் கண்ணிலும் படாமல் கைபேசியில் பேசும் வழியை நம்மவர்கள் ஒருமுறையாவது எண்ணிப்பார்க்க வேண்டும் என்கிறோம்.

நேரில் பார்க்காமல் மனநோய்க்கு வைத்தியமா என்று கேட்பவர்களுக்குப் புதுக்கோட்டையைக் காட்டலாம். டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், 2010இல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. பேருந்துக்குள்ளேயே ஆலோசனை அறை, அறையில் திரை, திரையில் சென்னையிலிருந்து மருத்துவர். மருந்தும் அதே வண்டியில் கிடைத்தது. அது கைபேசியில் பேசும் காலத்துக்கு முந்தைய ஏற்பாடு. தொலைவழி மருத்துவத்துக்கு 2020 மார்ச்சில் மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகளும் வந்துவிட்டன. மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்குத் திரையில் பார்த்துப் பேசும் ஆலோசனையும் நேர் ஆலோசனைக்கு ஏறக்குறைய ஈடான பலன் தருவதாக ஆய்வுகள் சொல்கின்றன.

எனினும் எல்லாச் சரக்கும் ஒரே தரமல்ல. உணவுப் பொட்டலத்தில் உரிமம் எண் இருக்கிறதா, தேதி இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து வாங்கும் நாம், இதில் மட்டும் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டுவது சரியல்ல. மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன் மேல் மனநல மருத்துவம் படித்தவர். மருந்து எழுதும் உரிமை அவருக்கு உண்டு. மருத்துவ உளவியலாளர் பேச்சு வழியே சிகிச்சை தருபவர். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ‘கவுன்சலர்’, ‘கோச்’ என்ற பெயரைப் பார்த்ததோடு நின்றுவிடாமல், என்ன படித்தார், எங்கே பதிவு செய்திருக்கிறார் என்று கேளுங்கள். ஒழுங்கானவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பதிவு எண்ணைக் கேட்டதும் பேச்சை மாற்றுபவரிடம் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. மனிதரே இல்லாமல் இயந்திரமே பதில் சொல்லும் செயலிகளும் இப்போது வந்திருக்கின்றன. பொழுதுபோக்குக்கு ஆகலாம், இதற்கு ஆகாது என்பது நம் துணிபு.

இனி ரகசியம். நம்மவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நேரில் போனால் தெருவில் நாலு பேர் பார்ப்பார்கள். ஆன்லைனில் தெரு இல்லை. ஆனால் பேரேடு இருக்கிறது. நாம் சொல்வதெல்லாம் எங்கோ ஒரு கணினியில் எழுதப்படுகிறது. பின்லாந்து நாட்டில் வஸ்தாமோ என்ற உளசிகிச்சை நிறுவனத்தின் கணினியில் இருந்த 30,000க்கும் மேற்பட்டோரின் குறிப்புகள் திருடப்பட்டன. 2020 அக்டோபரில், பணம் தராவிட்டால் வெளியிட்டுவிடுவேன் என்று நோயாளிகளுக்கே தனித்தனியாக மிரட்டல் மின்னஞ்சல் போயிற்று. அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் திவாலானது. அங்கேயாவது திருடன் வெளியிலிருந்து வந்தான். அமெரிக்காவில் பெட்டர்ஹெல்ப் என்ற பெரிய ஆன்லைன் ஆலோசனை நிறுவனம், வாடிக்கையாளர் விவரங்களை விளம்பரத்துக்காக முகநூல் முதலிய நிறுவனங்களுக்குக் கொடுத்தது என்று அந்நாட்டு வணிக ஆணையம் குற்றம் சாட்டி, 2023இல் 78 லட்சம் டாலர் கட்ட வைத்தது. பூட்டு உடைவது ஒருவகை, கடைக்காரரே பின்கதவைத் திறந்துவிடுவது இன்னொருவகை.

நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் ரகசியத்தைக் காக்கும் உரிமையைத் தெளிவாகவே தந்திருக்கிறது. சட்டம் இருப்பது நல்லது. நம் ஜாக்கிரதையும் வேண்டும். பணம் கட்டுமுன், பேச்சு பதிவு செய்யப்படுகிறதா, குறிப்புகளை யார் யார் பார்க்க முடியும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடைக் கைபேசியில் இருந்து ஒருபோதும் பேசாதீர்கள். அந்தக் கைபேசி நம்முடையது என்பது பேருக்குத்தான். வாட்ஸ்அப்பில் வரும் சரக்குப் பட்டியலுக்காகவும், பணம் வந்ததா என்று பார்ப்பதற்காகவும் அது நாள் முழுக்கக் கடைப்பையன் கையில்தான் இருக்கிறது. ‘நாளை மதியம் உங்கள் மனநல ஆலோசனை’ என்ற செய்தியை முதலில் படிப்பவன் அவனாகத்தான் இருப்பான். கட்டணத்தையும் கடைக் கணக்கில் இருந்து அனுப்ப வேண்டாம். வங்கி அறிக்கையை வரி போட்டுச் சரிபார்ப்பவர் கணக்குப்பிள்ளை அல்லவா?

எங்கே உட்கார்ந்து பேசுவது என்பதும் சின்ன விஷயமல்ல. ஒரு அமர்வு ஏறக்குறைய முக்கால் மணி நேரம். கல்லாவில் உட்கார்ந்து, ‘அரைக் கிலோ துவரை’ என்பவருக்கும் பதில் சொல்லிக்கொண்டே மனதைத் திறக்க முடியாது. வீட்டிலோ கூடம் ஒன்று, ஆட்கள் ஆறு. கிட்டங்கி உள்ளவர்களுக்கு மதியம் இரண்டு மணிக்கு மேல் அதைவிட நல்ல இடம் கிடையாது; மூட்டை அடுக்குக்குப் பின்னால் பேசினால் குரல் வெளியே வராது. அரிசி மூட்டையின் இந்தப் பயன் எந்த விலைப்பட்டியலிலும் இல்லை!

இந்த வழி எல்லோருக்கும் ஆகாது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். நெஞ்சு படபடப்பு, வியர்வை என்றால் முதலில் அருகில் உள்ள மருத்துவமனையில் இசிஜி எடுத்துப் பார்த்துவிட வேண்டும். டென்ஷன் என்று நாமே பெயர் வைத்துக்கொள்ளக் கூடாது. தைராய்டும் சர்க்கரையும்கூட மனச்சோர்வு வேஷம் போட்டு வரும். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தும்போது கைநடுக்கமும் வலிப்பும் வரலாம். அது மருத்துவமனையில் வைத்துச் செய்ய வேண்டிய வேலை. இல்லாத குரல் கேட்பது, எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாக நினைப்பது இவற்றுக்கும் நேரில்தான் காட்ட வேண்டும். சிலவகைத் தூக்க மாத்திரைகளைத் தொலைவழியில் எழுதித்தரக் கட்டுப்பாடுகள் உண்டு. அதை மீறி எழுதித்தருபவரை நல்லவர் என்று எண்ண வேண்டாம். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருவருக்கு வந்துவிட்டால், அமர்வுக்குத் தேதி வாங்கிக் காத்திருக்கவே கூடாது. அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்ல வேண்டும், அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகும்வரை அவரைத் தனியே விடக் கூடாது.

மற்றவர்கள் பணம் கட்டும் இடத்துக்குப் போகுமுன் இலவசமாக உள்ளதைப் பார்க்கலாம். மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலிமானஸ் சேவைக்கு எண் 14416. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பேசுவதைக் கேட்டு, தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் சேர்த்துவிடுகிறார்கள். கடை அடைத்து, கணக்கு முடித்து, பதினொரு மணிக்கு மேல்தான் நமக்கு நேரம் என்பதால் இந்த ‘எந்நேரமும்’ என்ற சொல் நமக்கென்றே எழுதப்பட்டது போலிருக்கிறது.

தனியாரிடம் போகிறவர்கள் மூன்று நான்கு அமர்வு முடிந்ததும் ஐந்தொகை போட்டுப் பாருங்கள். தூக்கம் கொஞ்சம் கூடியிருக்கிறதா, பையன்மீது எரிந்து விழுவது குறைந்திருக்கிறதா, பிரிக்காமல் வைத்திருந்த வங்கிக் கடிதத்தைப் பிரித்தோமா என்று பார்த்தால் போதும். மாற்றமே இல்லையென்றால் ஆளை மாற்றலாம், நேரில் போகலாம். ஒரு தரகரோடு ஒத்துவராவிட்டால் வியாபாரத்தையே விட்டுவிடுகிறோமா என்ன? ஆறு மாதக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கும் திட்டங்களில் மட்டும் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

நமது சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊருக்கு ஊர் சங்கக் கட்டடம் இருக்கிறது. கூட்டம் நடக்கும் நாள் தவிர மற்ற நாட்களில் மாடி அறை பூட்டியே கிடக்கிறது. அதில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, உள்ளே தாழ் போடும் கதவு, இணைய இணைப்பு இவ்வளவு செய்து, மதிய வேளையில் உறுப்பினர்கள் வந்து தனியே பேசிவிட்டுப் போக விடலாம். ஜிஎஸ்டி கணக்குப் பார்க்க வந்தவரா, ஆலோசகரிடம் பேச வந்தவரா என்று யாரும் கேட்க வேண்டாம். வருகைப் பதிவேடு மட்டும் அந்த அறைக்கு வைக்க வேண்டாம்.