மூணு சொட்டுக்குப் பறிபோன கோப்பை

டிஸ்கி: அடியேன் பி.காம். வண்டிக் கடனுக்குக் கையெழுத்து போடுவதோடு எஞ்சினுக்கும் எனக்குமான உறவு முடிந்துவிடும். கீழே வரும் டெக்னிக்கல் சமாச்சாரமெல்லாம் ஒரு மெக்கானிக் அண்ணன் எனக்குப் பாடம் எடுத்தது. தப்பு இருந்தால் அது என்னுடையது, அவருடையது அல்ல.

புனே வந்து ஆறு வருஷம் ஆகிறது. என் பஜாஜ் ஸ்கூட்டரை உயிரோடு வைத்திருப்பவர் கிர்க்கியில் ஷெட் வைத்திருக்கும் ஒரு தமிழர். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து வெடிமருந்து ஃபேக்டரி வேலைக்கு வந்த குடும்பம். அவருடைய பையனுக்கு இருபத்திரண்டு வயது. என்னை 'அங்கிள்' என்றுதான் கூப்பிடுவான், நான் அவனைத் தம்பி என்பேன். அப்பாவின் பழைய யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ ஒரு வருஷமாகப் பிரித்துப் பிரித்துச் சேர்த்து, போன குளிர்காலத்தில் ஒரு டிராக் ரேஸுக்குக் கொண்டு போனான். என்னையும் இழுத்துக்கொண்டு போனான். சோழவரம் ஓடுபாதையில் ரேஸ் பார்த்த கதையை எங்க சித்தப்பா ஆயிரம் தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன், நேரில் பார்த்தது அன்றுதான்.

தெரியாதவர்களுக்கு: டிராக் ரேஸ் என்றால் வளைவு நெளிவு கிடையாது. நேர்கோடு, கால் மைல், அதாவது 402 மீட்டர். இரண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விளக்கு பச்சை ஆனதும் கிளம்ப வேண்டும். மூக்கைச் சிந்தி முடிப்பதற்குள் ரேஸ் முடிந்துவிடும். 100 சிசி டூ ஸ்ட்ரோக், 165 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் என்று எஞ்சின் அளவை வைத்து வகுப்பு பிரிப்பார்கள். எந்த ஊர், எந்தக் கிளப் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் 'அங்கே மட்டும்தான் இப்படி' என்று மற்றவர்கள் கையைக் கழுவிவிடுவார்கள்.

தம்பி 100 சிசி வகுப்பு ஃபைனலில் ஒரு வண்டி நீளத்தில் ஜெயித்தான். நான் கத்திய கத்தலில் அடுத்த நாள் கிளையில் குரலே வரவில்லை.

அரை மணி நேரம் கழித்து 'எஞ்சினைப் பிரிக்கணும்' என்றார்கள். பிரித்தார்கள். ஹெட்டைக் கழற்றி, பிளாக் வாயில் ஒரு வெர்னியரை வைத்துப் பார்த்துவிட்டு, 'சைஸ் அதிகம், டிஸ்குவாலிஃபைட்' என்று வாயாலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். கோப்பை இரண்டாவதாக வந்தவருக்குப் போனது.

இங்கேதான் நீங்கள் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்லப் போகிறேன். தீர்ப்பு சரி! கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆர்எக்ஸ் 100-க்கு போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் 50 மி.மீ. கம்பெனி அளவில் 98.17 சிசி வரும். வண்டி பழசு, பிளாக் தேய்ந்துபோனதால் அண்ணன் லேத்துக்குக் கொடுத்து ரீபோர் பண்ணி, அரை மில்லி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டிருந்தார். தேய்ந்த எஞ்சினுக்கு ஊர் முழுக்கச் செய்கிற வைத்தியம்தான் இது. போர் 50.5 ஆனதும் கணக்கு 100.15 சிசிக்குப் போய்விட்டது. பிஸ்டன் தலையிலேயே '50' என்று பொறித்திருந்தது, மறைக்க ஒன்றும் இல்லை. 0.15 சிசி என்பது மருந்துக் குப்பியில் மூணு சொட்டு. ஆனாலும் எங்கள் கேஷ் கவுண்டரில் ஒரு ரூபாய் குறைந்தாலும் குறைவு குறைவுதான். வரம்பு 100 என்றால் 100. ரீபோருக்குச் சலுகை உண்டா இல்லையா என்று அந்த இரண்டு பக்க விதித்தாளில் ஒரு வரிகூட இல்லை. அது எழுதியவர்களின் சோம்பேறித்தனம், ஆனால் அதையும் விட்டுவிடுகிறேன்.

அப்புறம் ஏன் இந்தப் புலம்பல் என்கிறீர்களா? தம்பி அப்போது கேட்ட ஒரே கேள்வி இதுதான்: "சரி சார், என்னோடதைப் பார்த்துட்டீங்க. ரெண்டாவது, மூணாவது வண்டியையும் பிரிச்சுப் பாருங்க."

பதில்: எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், அதுவும் முடிவு அறிவித்த அரை மணி நேரத்துக்குள். ஒரு எஞ்சினுக்குப் பத்தாயிரம் ரூபாய் கட்ட வேண்டும். அந்த எஞ்சின் சரியாக இருந்தால் பணம் போச்சு. சரியில்லை என்றால்? அதைப் பற்றியும் விதித்தாளில் ஒன்றும் இல்லை. என்ட்ரி கட்டுவதற்கே நண்பர்களிடம் கைமாற்று வாங்கி வந்தவனிடம் பத்தாயிரமா? என் பர்ஸில் மூவாயிரத்துச் சொச்சம் இருந்தது. அந்த இடத்தில் போனில் பணம் அனுப்பலாம் என்றால் சிக்னலும் இல்லை. அண்ணன் என் கையைப் பிடித்து, "விடுங்க சார், நம்ம மேல தப்பு இருக்குல்ல" என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

எனக்கு விட மனசில்லை. வரும் வழியில் அண்ணன்தான் சொன்னார். ஆர்எக்ஸ் 135-இன் பிளாக்கைக் கொஞ்சம் வேலை செய்து 100-இல் ஏற்றுகிற வித்தை எல்லா ஷெட்டிலும் தெரிந்ததாம். அதன் போர் 58 மி.மீ., ஸ்ட்ரோக் அதே 50. கணக்குப் போட்டால் 132 சிசி. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குச் சட்டென்று தெரியாது. இரண்டாவதாக வந்த வண்டியில் அது இருந்தது என்று நான் சொல்லவில்லை. இல்லவே இல்லாமலும் இருக்கலாம். யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் திறந்து பார்க்கவில்லை. மூணு சொட்டுக்கு ஒருவனின் கோப்பையைப் பிடுங்கிவிட்டு, அதை அளக்காத வண்டிக்குத் தூக்கிக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்று. அளந்த மனிதர் ட்யூனிங் ஷெட் நடத்துபவர். அதே வகுப்பில் அவருடைய வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் ஓடினார்கள். அவர் அரிச்சந்திரனாகவே இருக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் வங்கியில் எங்களை யாரும் அரிச்சந்திரன் என்று நம்புவதில்லையே! லாக்கர் அறைப் பணத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேர். ஒருவர் போட்ட என்ட்ரியை இன்னொருவர் பாஸ் பண்ண வேண்டும். முக்கியமான சீட்டில் இருப்பவர் வருஷத்தில் பத்து வேலை நாளாவது தொடர்ச்சியாகக் கட்டாய லீவில் போக வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே சொல்கிறது. அதுவும் முன்கூட்டிச் சொல்லாமல் திடீரென்று. ஆள் திருடன் என்பதற்காக அல்ல, அவர் இல்லாதபோதும் கணக்கு நேராக நிற்கிறதா என்று பார்க்கத்தான். முதல் தடவை என்னை அனுப்பியபோது எனக்கும் சுருக்கென்றது, தங்கமணி 'என்ன பண்ணித் தொலைச்சீங்க' என்றாள். இப்போது அதன் அருமை புரிகிறது.

ரேஸ் உலகமும் இதை அறியாதது அல்ல. உலக மோட்டார் பந்தய விதிகளில் சோதனை செய்பவர் வேறு, தண்டிப்பவர் வேறு. ஸ்க்ரூட்டினியர் அளந்து எழுதிக் கொடுப்பார், ஸ்டூவர்டுகள்தான் முடிவு சொல்வார்கள். அசல் மேக்கர்–செக்கர்! புகார் உண்மை என்றால் கட்டிய பணத்தைத் திருப்பித் தரவும் வழி உண்டு. ரேஸ் முடிந்ததும் வண்டிகளை ஒரே இடத்தில் பூட்டி வைத்து, யாரும் கை வைக்காதபடி காவல் போடுவார்கள். எங்கள் ரேஸில் மற்ற வண்டிகள் அதற்குள் டெம்போவில் ஏறிவிட்டன. அமெரிக்காவில் என்.எச்.ஆர்.ஏ. 1951-இல் ஆரம்பித்த அமைப்பு. இண்டியானாபோலிஸில் அவர்கள் நடத்தும் யு.எஸ். நேஷனல்ஸில், ஸ்டாக் வகுப்புகளில் ஜெயிப்பவர்களின் எஞ்சினைப் பிரித்து அளப்பது காலங்காலமாக உள்ள வழக்கம். அங்கே ஓட்டுகிறவர்களிலும் முக்கால்வாசிப் பேர் வேலைக்குப் போய்க்கொண்டே வார இறுதியில் ஓட்டுகிறவர்கள்தான். ஜெயித்தால் பிரிப்பார்கள் என்று தெரிந்தே வருகிறார்கள். யாரோ கை நீட்டினால் மட்டும் பிரிப்பது என்ற பேச்சு இல்லை.

'அட, இது அமெச்சூர் ரேஸ் சார், ஜாலிக்கு ஓட்டறாங்க' என்று அங்கேயே ஒருவர் எனக்கு உபதேசம் பண்ணினார். ஜாலிக்கு என்றால் ஏன் ஹெட்டைக் கழற்றினீர்கள்? தோற்கிறவனுக்கு மட்டும் ஜாலி, ஜெயிக்கிறவனுக்குச் சட்டமா? நேரம் இல்லை, ஆள் இல்லை என்பது அடுத்த பல்லவி. அதைக் கொஞ்சம் ஒப்புக்கொள்கிறேன். எண்பது வண்டியையும் பிரிக்க முடியாதுதான். நாங்களும் எல்லா வவுச்சரையும் பார்ப்பதில்லை, சாம்பிள்தான் எடுக்கிறோம். ஆனால் எது சாம்பிள் என்பதை அந்தக் கிளை மேனேஜர் முடிவு செய்வதில்லை. முதல் மூன்று வண்டி, அதோடு சீட்டுக் குலுக்கி இன்னும் ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒரே கருவி. வெர்னியர் வேண்டாம், போர் கேஜ். பிளாக்கின் மேலே, நடுவே, கீழே அளந்து எழுத வேண்டும், ஏனென்றால் தேய்மானம் எல்லா உயரத்திலும் ஒன்றுபோல இருக்காதாம். இதில் 0.05 மி.மீ. என்ன செய்துவிடும் என்று நினைக்காதீர்கள். 50.45 என்றால் 99.95 சிசி, பாஸ். 50.50 என்றால் 100.15, ஃபெயில். கை கொஞ்சம் சாய்ந்தால் வெர்னியரில் அவ்வளவு வித்தியாசம் வரும். எங்கள் வண்டியில் சந்தேகம் இல்லை, நாளை இன்னொரு பையனின் வண்டியில் வரும்.

பிரிக்கவே வேண்டாம் என்றாலும் ஒரு வழி உண்டு. அமெரிக்காவில் சாதாரண ஆட்கள் பெரும்பாலும் ஓடுவது பிராக்கெட் ரேஸ். 'என் வண்டி இத்தனை வினாடியில் ஓடும்' என்று நீங்களே கண்ணாடியில் எழுத வேண்டும். நீங்கள் 15.20, எதிராளி 13.70 என்றால் உங்களுக்கு ஒன்றரை வினாடி முன்னதாகவே பச்சை எரியும். சொன்னதைவிட வேகமாக ஓடிவிட்டால் நீங்கள் அவுட். உள்ளே எத்தனை சிசி இருந்தால் யாருக்கு என்ன கவலை? யார் நிஜமாகவே வேகம் என்ற கிக் இதில் குறையும், நம்ம பையன்களுக்கு அது பிடிக்காது என்று தம்பியே சொன்னான். இருக்கட்டும், அதற்குத் தனி வகுப்பு வையுங்கள், அதில் ஒழுங்காக அளவுங்கள்.

கோபம் வந்த இன்னொரு விஷயம், காலையில் நடந்த பாதுகாப்புச் சோதனை. ஒரு வண்டிக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பிரேக்கை ஒரு அமுக்கு, ஹெல்மெட்டை ஒரு பார்வை, ஸ்டிக்கர் ஒட்டியாச்சு. எனக்குப் பக்கத்தில் நின்ற பையனின் ஹெல்மெட்டில் தாடை வார் கொக்கியே உடைந்திருந்தது, கயிறு போட்டுக் கட்டியிருந்தான். அவன் மூன்று தடவை ஓடினான். உயிர் போகிற இடத்தில் ஒரு பார்வை, கோப்பை போகிற இடத்தில் வெர்னியர்!

ஒன்று சொல்லிவிடுகிறேன். 'மதராஸி என்பதால் இப்படிப் பண்ணினார்கள்' என்று யாரும் கிளம்ப வேண்டாம். தம்பியின் மராத்தி என் தமிழைவிட நன்றாக இருக்கும். அந்தக் கூட்டத்தில் அவனுக்காகக் குரல் கொடுத்த இரண்டு பேரும் மராத்திக்காரர்கள்தான். இது காசு இருக்கிறவன், இல்லாதவன் பிரச்சினை.

வெளியூரில் பிள்ளைகளை வளர்க்கிற நமக்கு இதில் என்ன என்று கேட்டால், சனிக்கிழமை ராத்திரி ஹைவேயில் போய்ப் பாருங்கள். தம்பி இரண்டு வருஷம் முன்பு வரை அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தான். கூட ஓடிய ஒருவன் டிரக்கில் மோதிக் கால் போன பிறகு, அண்ணன் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, 'ஓட்டணும்னா ஒழுங்கான இடத்துல ஓட்டுடா' என்று திருப்பிக் கொண்டுவந்தார். அந்த ஒழுங்கான இடம்தான் இது. ரேஸ் முடிந்த மறுநாளே பழைய கூட்டாளிகள் ஷெட்டுக்கு வந்து சிரித்திருக்கிறார்கள்: "ரோட்டுல எவனும் எஞ்சினைப் பிரிக்க மாட்டான், வா." அண்ணன் அதை என்னிடம் சொல்லும்போது கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கவே இல்லை.

நான் அந்தக் கிளப்புக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டேன். கோப்பையைத் திருப்பிக் கேட்கவில்லை. யார் அளப்பார், எதை வைத்து அளப்பார், எத்தனை வண்டி, அளந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா, புகார் ஜெயித்தால் பணம் திரும்புமா, ரீபோருக்கு எவ்வளவு சலுகை. இவ்வளவுதான் கேட்டேன். கடிதம் கிடைத்ததற்குச் சான்று வந்தது. பதில் வரவில்லை, மூன்று மாதம் ஆகிறது.

இதற்கிடையில் அண்ணன் பிளாக்குக்குப் புது ஸ்லீவ் இறக்கி, போரை மறுபடி 50-க்கே கொண்டுவந்துவிட்டார். அடுத்த ரேஸுக்கு என்ட்ரி திறந்தாயிற்று. நேற்று ஷெட்டில் தம்பி, "அங்கிள், பேர் குடுக்கவா?" என்றான். அளக்கப் போவது யார் என்று முதலில் போன் பண்ணிக் கேளு என்றேன். கேட்டானாம். போன தடவை வந்தவர்தானாம்.