என் ஊரோ, என் ஊரோ!

ஓகஸ்ட் மாதம் பிறந்தால் சார்செல் வாழ் எம்மவர் வீடுகளில் பாய்களும் தலையணைகளும் அலுமாரிக்கு மேலிருந்து கீழே இறங்கும். இலண்டனிலிருந்து தங்கை குடும்பம், சுவிஸிலிருந்து மச்சான் குடும்பம், கனடாவிலிருந்து பெறாமக்கள் என்று மூன்று அறை வீட்டிலே பன்னிரண்டு பேர் படுத்தெழும்புவது வழமை. லா சப்பல் பிள்ளையாரின் தேரையும் பார்த்து, அப்படியே பாரிஸையும் பார்த்துவிட்டுப் போவோம் என்பது வருகிறவர்களின் எண்ணம். இருக்கிறவர்களுக்கோ வந்தவர்களுக்கு எதைக் காட்டுவது என்ற கவலை. ஈபிள் கோபுரம், வெர்சாய் அரண்மனை, 1992 இல் திறந்த டிஸ்னிலாண்ட், கொஞ்சம் வசதியிருந்தால் லூர்து மாதா. சைவரோ வேதக்காரரோ, எல்லா வீட்டிலும் பட்டியல் இதுதான்.

அப்படியான வீடொன்றுக்குச் சில வருடங்களுக்கு முன் சுன்னாகத்திலிருந்து 73 வயதுத் தாயார் ஒருவர் வந்து சேர்ந்தார். மகன் வீட்டில் 90 நாள் தங்குவதற்கு விசா. அதற்கு வேண்டிய 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதியும் ஒழுங்காக இருந்தது. பதினைந்து வருடமாக நீரிழிவு. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. மருந்தைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே, வைத்தியரின் துண்டோடு கொண்டுவந்தது மெச்சத்தக்கது. விமானத்தின் அடித்தட்டுக் குளிரில் இன்சுலின் உறைந்தால் பிறகு அது வெறுந் தண்ணீர்தான். இதை அறியாமல் வந்திறங்கி அவதிப்படுவோர் இன்றைக்கும் உண்டு.

ஓகஸ்டில் ரொறன்ரோவிலிருந்து மகள் குடும்பமும் வந்து இறங்கியது. மறுநாளே ஒன்பது பேரும் ஈபிள் கோபுரத்துக்குப் புறப்பட்டார்கள். வெயிலில் வரிசை நகரவில்லை. அம்மாவுக்குக் கால் வீங்கியது, அடிக்கடி சலம் போகவேண்டியும் இருந்தது. பாரிஸ் தெருக்களில் நிற்கும் தானியங்கி மலசலகூடங்கள் 2006 இலிருந்து இலவசம் என்பதும், அவை எங்கெங்கே இருக்கின்றன என்பதும் வயதானவர்களை வெளியே கொண்டுபோகிறவர்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டியவை. அன்றைக்கு அந்த யோசனை ஒருவருக்கும் வரவில்லை. வீடு திரும்பியபின், என்ன அம்மா பார்த்தீங்கள் என்று கேட்டதற்கு, "இரும்பு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அதன்பின் "அம்மாவுக்குக் களைப்பு, அவ வீட்டிலை இருக்கட்டும்" என்று மற்றவர்கள் ஊர் சுற்றினார்கள். மகன் உணவகச் சமையலறையில் வேலை. மத்தியானம் போனால் நடுச்சாமம். மருமகள் விடிய முன் துப்புரவு வேலைக்குப் போய்விடுவார். ஐந்தாம் மாடி, இரட்டைக் கண்ணாடி யன்னல், கீழே புல்தரை. தொலைக்காட்சி பேசுவது விளங்காது. ஒரு வாரத்தில் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, நித்திரையும் இல்லை. "என்னை அனுப்பி விடுங்கோ" என்று தொடங்கிவிட்டார். வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். குருதியும் சிறுநீரும் சோதித்ததில் குறையொன்றும் இல்லை. "பகலில் யாரோடு இருக்கிறார்?" என்று வைத்தியர் கேட்டபோது மகனும் மருமகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விமானச் சீட்டின் திகதியை மாற்றலாமா என்று விசாரிக்கிற அளவுக்கு விடயம் போய்விட்டது.

இந்த நோய்க்கு எங்கள் நகரத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்பது எம்மவரில் பலருக்குத் தெரியாது. சார்செலின் மாடிவீடுகள் 1955 இல் கட்டத் தொடங்கி இருபது வருடங்களாக எழும்பியவை. சந்தைக்கும் கோப்பிக்கடைக்கும் முன்னே சுவர்களே வந்துவிட்டன. அதில் குடியேறிய வெள்ளைக்காரப் பெண்கள் பகல் முழுவதும் தனியே இருந்து மனம் சோர்ந்தார்கள். 1960களின் தொடக்கத்தில் பிரெஞ்சுப் பத்திரிகைகள் அதற்குச் 'சார்செலித்' என்று பெயர் சூட்டின. பிரெஞ்சு வைத்தியத்தில் 'இத்' என்று முடிந்தால் அழற்சி என்று பொருள்; பிரோங்கித் மூச்சுக்குழாய் அழற்சி, அப்பாண்டிசித் குடல்வால் அழற்சி. அந்த முறைப்படி இது சார்செல் அழற்சி! வைத்தியப் புத்தகத்தில் இல்லாத, பகிடிக்கு வைத்த பெயர்தான். ஆனாலும் ஐந்தாம் மாடியில் இருந்த அந்தத் தாய்க்கு இதைவிடப் பொருத்தமான பெயர் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. விருந்தாளிகளுக்குச் சமைக்கக் கொத்தமல்லி இல்லை. 14 வயதுப் பேரனைச் சந்தைக்கு அனுப்பினார்கள். "நானும் வாறன்" என்று அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு எழும்பிவிட்டார்.

சார்செல் சந்தையைப் பற்றி இங்கு உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் தினம் பார்ப்பதை யார்தான் பார்க்கிறார்கள்? புதினாக்கட்டு மலைபோல் குவிந்திருக்கும். பச்சை, கறுப்பு, ஊதா என்று ஒலிவ் காய்கள் பீப்பாக்களில் மிதக்கும். மரவள்ளி, வற்றாளை, வாழைக்காய், வெண்டிக்காய் எல்லாம் அந்தில்லியர், ஆபிரிக்கர் புண்ணியத்தில் எங்களுக்கும் கிடைக்கின்றன. 1962 இல் அல்ஜீரியா சுதந்திரமடைந்தபோது அங்கிருந்து வந்த யூதர்கள் ஒருபுறம், மக்ரெப் நாட்டு முஸ்லிம்கள் ஒருபுறம், துருக்கியின் தென்கிழக்குக் கிராமங்களை விட்டோடி வந்த கல்தேயக் கிறிஸ்தவர்கள் ஒருபுறம். இந்தக் கல்தேயர் பேசுவது அரமேய மொழியின் வழிவந்த பாஷை. 2004 இல் அவர்கள் சார்செலில் திறந்த தேவாலயம், மயிலாப்பூரில் அடக்கமானார் என்று சொல்லப்படுகிற அதே தோமையாரின் பெயரில் விளங்குகிறது.

சந்தைக்குள் கால் வைத்ததும் அம்மா நின்றுவிட்டார். "தம்பி, உவன் ஏன் என் ஊரோ, என் ஊரோ எண்டு கத்துறான்?"

பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். "அப்பம்மா, அது அன் யூரோ. ஒரு கோப்பை ஒரு யூரோவாம்."

பிளாஸ்ரிக் கோப்பையில் தக்காளி, கோப்பையில் மிளகாய், கோப்பையில் எலுமிச்சை. எதை எடுத்தாலும் ஒரு யூரோ என்ற கூவல் நாலு பக்கமும் கேட்டது. அம்மா வெண்டிக்காய்க் குவியலருகே போய், சுன்னாகம் சந்தையில் ஐம்பது வருடமாகச் செய்ததுபோல ஒரு காயின் நுனியை முறித்துப் பார்த்தார். வியாபாரி "தொடாதே" என்று சத்தமிட்டான். பக்கத்தில் தலைக்குத் துணி கட்டிய கல்தேயக் கிழவி ஒருத்தி போஞ்சிக்காயை முறித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அதே சத்தம். இரண்டு கிழவிகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிரித்தார்கள். பிறகு இருவருமாகச் சேர்ந்து அடுத்த காயை முறித்தார்கள். வியாபாரி கையை விரித்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்றைக்கு வீட்டில் அம்மாவே சமைத்தார். வெண்டிக்காய்ப் பால்கறி, மீன் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல். தானும் ஒரு கோப்பை சோறு சாப்பிட்டார். செவ்வாயும் வெள்ளியும் "சந்தை எப்ப?" என்பதே பேச்சு. தன் கையில் 20 யூரோ வேண்டும், மகன் காசு கொடுக்க நான் பின்னுக்கு நிற்கமாட்டேன் என்றும் ஒரு நிபந்தனை வைத்தார். இதைப் பிள்ளைகள் எளிதாக எண்ணக்கூடாது. ஊரில் வீட்டை ஆண்ட மனுசிக்கு இங்கே ஒரு சதமும் கையில் இல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய குறை!

அடுத்த ஞாயிறுதான் பயம் வந்தது. காலை ஊசியைப் போட்டுக்கொண்டு, அவசரத்தில் அரைத் துண்டுப் பாணோடு இறங்கிவிட்டார். இரண்டரை மணி நேரம் நடை. பதினொரு மணியளவில் அம்மாவின் நெற்றியெல்லாம் வியர்வை, கை நடுங்கியது, பேரன் கேட்டதற்கு மாறிமாறிப் பதில் வந்தது. பையன் திகைத்துப்போனான். எதிரே பேரீச்சம்பழம் விற்ற மக்ரெப் பெண்மணி ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து அம்மாவை இருத்தி, தன் சுடுதண்ணீர்ப் போத்தலிலிருந்து புதினாத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அவர்கள் தேநீருக்குப் போடுகிற சீனியை எம்மவர் பாயசத்துக்கும் போடமாட்டார்கள். வேறு நாளில் அது விஷம். அன்றைக்கு அதுவே மருந்து. பத்துப் பதினைந்து நிமிடத்தில் அம்மா தெளிந்து, "பிள்ளைக்குக் காசு குடு" என்றார். அந்தப் பெண்மணி வாங்கவில்லை.

குருதியில் சீனி கூடுவதற்குப் பயப்படுகிற எம்மவர், குறைவதற்குப் பயப்படுவதில்லை. இன்சுலின் போட்டவர் சாப்பாட்டைக் குறைத்து நடையைக் கூட்டினால் சீனி இறங்கும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் கண்டால் மூன்று சீனிக்கட்டி அல்லது சிறு போத்தல் பழரசம். 15 நிமிடம் பொறுத்துச் சோதித்து, குறைவாகவே இருந்தால் மறுபடியும். தெளிந்தபின் பாணோ சோறோ சிறிது. விழுங்க முடியாமல் மயங்கினால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 15 ஐ அழைக்கவேண்டும். இதைக் கூடப் போகிற பிள்ளைக்கும் சொல்லிவைப்பது நல்லது.

வீட்டில் பெரிய விவாதம். இனிச் சந்தையே வேண்டாம் என்றார் ரொறன்ரோ மகள். "அப்ப என்னைப் பிளேனிலை ஏத்து" என்றார் அம்மா. கடைசியில் வைத்தியரிடம் கேட்டு, சந்தை நாட்களுக்குக் காலை ஊசியின் அளவைச் சற்றுக் குறைத்தார்கள். பேரனின் சட்டைப்பையில் சீனிக்கட்டிகள் நிரந்தரமாகக் குடியேறின. சாப்பாட்டு விடயத்திலும் அம்மா பிடிவாதக்காரியாக இருக்கவில்லை. 2022 இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏற்றிய அந்த நீட்டுப் பாணைப் பாதியாக்கி மீன் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, கால்மணி நேரம் கீழே நடந்துவிட்டு வருவார். முந்திரிகைக் குலையில் ஒரு கைப்பிடி. மாம்பழத்தில் மட்டும் களவு நடந்ததாகக் கேள்வி.

லா சப்பலுக்கும் கூட்டிப்போனார்கள். கார் து நோரில் இறங்கி, நீண்ட சுரங்கப்பாதையால் நடந்து மேலே ஏறியவுடன் கறிவேப்பிலையும் சாம்பிராணியும் மணக்கும். தலைக்கு மேலே 1903 ஆம் ஆண்டின் இரும்புப் பாலத்தில் இரண்டாம் இலக்க மெத்ரோ கடகடக்கும். அம்மா துள்ளுவார் என்று பிள்ளைகள் எதிர்பார்த்தார்கள். சேலைக் கடை, நகைக்கடை, மரக்கறிக் கடை எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எங்கட ஊரிலையும் கிடக்கு" என்றார். ஆனால் தேநீர்க்கடை யன்னலோரம் வடையும் தேநீருமாக உட்கார்ந்த பிறகு எழும்ப மனமில்லை. தெருவில் போகிறவர்களின் நடையைப் பார்த்தே, இவர் தீவுப்பகுதி, அவர் வடமராட்சி என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏலக்காய் தேடிவந்த பிரெஞ்சுக்காரத் தம்பதிகள், தொலைபேசி அட்டைக்காரரோடு வாதாடும் வங்காளப் பையன்கள் என்று ஒருவரையும் விடவில்லை.

மெத்ரோ நிலையத்தருகே உள்ள பழைய நாடகக் கொட்டகையையும் காட்டினார்கள். பூஃப் து நோர் என்பது பெயர். பீற்றர் புரூக் என்ற நெறியாளர் மகாபாரதத்தை ஒன்பது மணி நேர நாடகமாக்கி 1985 இல் முதலில் அவிஞ்ஞோனிலும் பிறகு இங்கேயும் மேடையேற்றினார். பிள்ளையார் கோயில் தொடங்கியதும் அதே 1985 தான். ஒன்பது மணி நேரம் என்றதும் அம்மா பெரிதாக அசரவில்லை. "எங்கட கூத்தும் விடிய விடியத்தானே" என்றார்.

தேரன்று உடைத்த தேங்காய்ச் சில்லுகளை வெள்ளைக்காரப் பிள்ளைகள் பொறுக்குவதைப் பார்த்தது அவருக்குப் பெரிய சந்தோஷம். தேர் முடிந்ததும் ரொறன்ரோக்காரர் போய்விட்டார்கள். அம்மா 90 நாளில் மூன்று நாள் மீதி இருக்கும்வரை நின்றார்.

கடைசி ஞாயிறு தன் சொந்தக் காசில் சில்லு வைத்த சந்தைப்பை ஒன்று வாங்கினார். அந்தக் கல்தேயக் கிழவி இழுத்துத் திரிந்தாளே, அதே மாதிரி, அதே சிவப்பு நிறம். பெட்டியில் அதை வைக்க இடமில்லாமல் மருமகள் வாங்கிவைத்த சொக்கிலேற்றில் பாதியை வெளியே எடுத்தார்கள். இப்போது சுன்னாகம் சந்தைக்கு அதை இழுத்துக்கொண்டுதான் போகிறாராம். வழியெல்லாம் சனம் நின்று பார்க்கிறதாம்.