"பொது" என்றால் யார்?

டீக்கடையில் தனி டம்ளரை இன்னும் முழுசா ஒழிக்க முடியல, ஆகாய விமானத்தைப் பத்தி இங்க என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். நானும் அந்தக் கேள்வியோடுதான் இந்தச் சேதிகளைப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க எனக்கு மகத் குளம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் பசிபிக் கடலோரத்தில், வாட்சன்வில் என்றொரு ஊர். ஸ்ட்ராபெரி விளைகிற பூமி. நாள் முழுக்க முதுகு ஒடியக் குனிந்து பழம் பறிப்பவர்கள் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த கூலி ஜனங்கள். ஊர் ஓரத்தில் ஒரு சின்ன விமான நிலையம். டிக்கெட் வாங்கி ஏறுகிற விமானம் எதுவும் அங்கே வராது. சொந்த விமானம் வைத்திருப்பவர்களும் ஓட்டப் பழகுகிறவர்களும் வந்து போகிற இடம். கட்டுப்பாட்டுக் கோபுரம்கூடக் கிடையாது. ஏறுகிறவரும் இறங்குகிறவரும் ரேடியோவில் தாங்களே சொல்லிக்கொள்ள வேண்டும்.

1943இல் போருக்காகக் கடற்படை அமைத்த தளம் அது. அதற்கு முந்தின வருஷம்தான் அதே பள்ளத்தாக்கில் உழுது பிழைத்த ஜப்பானிய வம்சாவளியினரை, குடிமக்கள் என்றும் பாராமல், மூட்டை முடிச்சோடு முகாம்களுக்கு விரட்டினார்கள். போர் முடிந்த பின் தளம் நகராட்சியின் கைக்கு வந்தது. ஆக, பொதுச் சொத்து.

இந்தப் பொதுச் சொத்தால் ஊருக்கு என்ன பிரயோஜனம்? 1989 அக்டோபர் 17 அதற்குப் பதில் சொன்னது. பூகம்பம். மலைச்சாலை மண் சரிந்து அடைபட்டது. கடலோர நெடுஞ்சாலையின் பாலம் ஊருக்குப் பக்கத்திலேயே உடைந்து விழுந்தது. அப்போது சின்னச் சின்ன விமானங்களில் தண்ணீர், சாப்பாடு, மருந்து, கம்பளி எல்லாம் வந்து இறங்கியது இந்த ஓடுபாதையில்தான். கொண்டுவந்தவர்கள் சொந்தச் செலவில் பறந்து வந்த விமானிகள். அந்த உதவியை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால், ஓடுபாதையில் இறங்கியது யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது? வீடிழந்த கூலி ஜனங்கள் ஊர்ப் பூங்காவில் கூடாரம் போட்டுக் கிடந்தார்கள். நிவாரணம் கொடுக்க வந்தவர்களில் ஸ்பானிஷ் பேசத் தெரிந்தவர்கள் போதவில்லை. அதைக் கேட்டும் அவர்கள் போராட வேண்டியிருந்தது. சுனாமி வந்தபோது நாகப்பட்டினத்தில் நம்ம ஜனங்க வரிசையின் கடைசியில் நிறுத்தப்பட்டதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்த ஊரில் அதுவரை மன்றத் தேர்தல் எப்படி நடந்தது தெரியுமா? ஊர் முழுக்க ஒரே தொகுதி. கிட்டத்தட்டப் பாதி ஜனம் லத்தீனோக்கள். இருந்தும் அவர்கள் ஓட்டு மொத்தத்தில் கரைந்து போகும். அவர்கள் வழக்குப் போட்டார்கள். இந்த முறை எங்கள் ஓட்டை விழுங்குகிறது என்ற வாதத்தை 1988இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. 1989இல் தொகுதி பிரித்துத் தேர்தல் நடந்தது. நம் பிரதிநிதி யார் என்பதைச் சாதி இந்துவின் ஓட்டு தீர்மானிக்கக் கூடாது என்று 1932இல் பாபாசாகேப் மன்றாடியது இதற்குத்தானே?

மன்றத்தில் இடம் கிடைத்தது. நிலம்? ஒரே வீட்டில் இரண்டு மூன்று குடும்பம் நெருக்கியடித்துக் கிடக்கிற ஊர் அது. 2002இல் வாக்கெடுப்பு நடத்தி, விளைநிலத்தைக் காக்க ஒரு கோடு போட்டார்கள். 2022இல் அதை 2040 வரை நீட்டினார்கள். வீடு கட்ட மிஞ்சிய முக்கியமான திசை விமான நிலையத்துப் பக்கம். 2006இல் நகராட்சி அங்கே குடியிருப்புக்குத் திட்டம் போட்டது. அதற்குத் தோதாக, குறுக்கு ஓடுபாதையில் போக்குவரத்து குறைவு என்று சொல்லி, அதன் பாதுகாப்பு எல்லையைச் சுருக்கியது. விமானிகள் சங்கம் வழக்குப் போட்டது. 2010இல் நீதிமன்றம், அப்படிச் சுருக்க உனக்கு அதிகாரமில்லை என்று நகராட்சியிடம் சொல்லிவிட்டது.

"பொழுதுபோக்குக்குப் பறக்கிறவனுக்காக ஏழைக்கு வீடு இல்லையா!" என்று உடனே கோபம் வருகிறது. எனக்கும் வந்தது. ஆனால் தோழர்களே, 2022 ஆகஸ்டில் அதே இடத்தில் இறங்க வந்த இரண்டு விமானங்கள் மோதி மூன்று பேர் செத்தார்கள். சின்ன விமானங்களின் பெட்ரோலில் இன்னும் ஈயம் கலக்கிறார்கள். சான் ஹோசேயில் இப்படியொரு விமான நிலையத்துக்கு அருகில் வாழும் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருப்பதாக 2021இல் ஓர் ஆய்வு சொன்னது. அந்தப் பெட்ரோலை 2031 முதல் விற்கக் கூடாது என்று கலிபோர்னியா 2024இல்தான் சட்டம் போட்டது. அதுவரைக்கும்?

சேரி ஏன் எப்பவும் பள்ளத்துலயே இருக்கு, சுடுகாட்டுப் பக்கத்துலயே இருக்கு? ஒன்றுமில்லாத இடம், இல்லையென்றால் ஆபத்தான இடம். இரண்டில் ஒன்றை எடுத்துக்கோ என்றுதான் நமக்கு எப்போதும் சொல்லப்படுகிறது. அங்கேயும் அதே கதை. பழம் பறிக்கிற நிலத்துக்குச் சட்டத்தின் காவல் உண்டு. ஓடுபாதைக்கும் உண்டு. பறிக்கிறவள் படுத்துறங்கும் இடத்துக்கு மட்டும் இல்லை.

விமான நிலையத்தை மூடு என்று நான் சொல்லவில்லை. பூகம்பம் மறுபடியும் வரும், ஓடுபாதை வேண்டும். நான் கேட்பது ஒன்றுதான்: அதைப் பற்றி முடிவெடுக்கிற மேசையில், கோடு போடுகிற இடத்தில், பழம் பறிக்கிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்களா? ஓட்டு மட்டும் கிடைத்து, நிலத்தின்மேல் பேச்சு கிடைக்காவிட்டால் கிடைத்தது பாதிதான்.

மகத் குளமும் நகராட்சியின் குளம்தான். எல்லோரும் எடுக்கலாம் என்று 1924இல் தீர்மானம்கூடப் போட்டாயிற்று. 1927 மார்ச்சில் பாபாசாகேப் ஆயிரக்கணக்கானவர்களோடு போய் அள்ளிக் குடிக்கிற வரைக்கும் அந்தப் "பொது"வில் நாம் இல்லை. குடித்ததற்கும் அடி விழுந்தது.

உங்கள் ஊரில் நகராட்சி போர்டு தொங்குகிற ஒவ்வொரு இடத்துக்கும் போய்ப் பாருங்கள். கணக்கைக் கேளுங்கள். கூட்டத்தில் எழுந்து நில்லுங்கள். பொது என்று எழுதிப்போட்டால் மட்டும் பொதுவாகிவிடாது. நாம இறங்கினாத்தான் ஆகும்.