கப்பல் நிற்கும் பகற்பொழுது

கரிபியன் கப்பற்பயணம் செல்லும் நம் குடும்பங்கள், துறைமுகந்தோறும் கப்பலிலேயே விற்கப்படும் சுற்றுலாவுக்குப் பெரும்பணம் செலுத்துவதை நாம் ஏற்பதற்கில்லை. குவாதலூப் தீவின் புவாந்த்-அ-பீத்தர் துறையில் இறங்கினால் கால்நடையே போதும். அருகிலுள்ள சந்தையில் ‘கொலம்போ’ என்று சில யூரோவுக்கு விற்கும் பொடி, நம் கறித்தூளின் வழித்தோன்றலே. மல்லியும் மஞ்சளும் மணக்கும்.

1854 டிசம்பரில் ‘ஓரேலி’ என்னும் கப்பல் இத்தீவுக்கு முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளைக் கொணர்ந்தது. பின்னர் வந்தோருள் தமிழர் மிகப்பலர். அவர்தம் வழியினரிடம் இராமசாமி என்னும் குடும்பப்பெயர் இன்றும் உண்டு. வீட்டில் வழங்குவதோ கிரியோலும் பிரெஞ்சும். வார இறுதியில் தமிழ் பயிலும் நம் பிள்ளைகள் காணவேண்டிய ஊர் இதுவன்றோ!

கப்பெஸ்தேரில் சாலையோரம் ஷாங்கி கோயிலும் உண்டு. ஆயினும் தனியே சென்றவருக்காகக் கப்பல் காத்திராது. பொழுது குறைவெனில் சந்தையோடு திரும்பலாம்.